வந்து போவோரும் வந்து தங்குவோரும்: கழுவெளியில் பார்வையாளர் மேலாண்மை

(பெருமுக்கல் அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காட்டுயிர்களுக்கென ஒதுக்கிய நிலத்தில் பார்வையாளர் சேவை என்பது, வருகிறவர் எங்கே நிற்கலாம், எப்போது நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்யும் வேலை. கழிப்பறை, குடிநீர், வண்டி நிறுத்துமிடம், நுழைவுச்சீட்டு எல்லாம் அந்த முடிவுக்குப் பிறகு வருபவை. பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாகவே நடந்திருக்கிறது. முதலில் கட்டடம் எழும், அடுத்து சாலை வரும், அதன்பின் கூட்டம் வரும். பறவை எங்கே போயிற்று என்ற கேள்வி கடைசியில்தான் எழும். மரக்காணம் கரையில் இந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஆகவே வரிசையைச் சரியாக வைத்துக்கொள்ள இங்கே இன்னும் நேரம் இருக்கிறது.

கழுவெளி என்றும் கழுவேலி என்றும் எழுதப்படும் நீர்ப்பரப்பு விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் கிடக்கிறது. மேற்கேயிருந்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும். வடகிழக்கே மரக்காணம் பக்கம் எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும். ஒரு முனையில் உப்புநீர், மறுமுனையில் நன்னீர், நடுவே இரண்டும் கலந்த சேறு என்ற அமைப்புதான் இதன் செழிப்புக்குக் காரணம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதில் 5,151 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வெளியானது. மத்திய ஆசியாவிலிருந்தும் ஆர்க்டிக் ஓரங்களிலிருந்தும் இறங்கிவரும் வலசைப் பாதையில் இது ஒரு தங்கல். கருவால் மூக்கன், கோட்டான், பவளக்காலி, கொசு உள்ளான், உப்புக்கொத்தி வகைகள், ஊசிவால் வாத்து, பூநாரை எனப் பல இனங்கள் இங்கே பனிக்காலத்தைக் கழிக்கின்றன.

சரணாலயம் என்று அறிவித்தவுடன் அந்த நிலத்துக்குள் நுழையும் வழக்கமும் மாறிவிடுகிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பணியிலுள்ள அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், அங்கே நிலவுரிமை உடையவர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து போகிறவர் போன்றோர் தவிர மற்றவர் அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்கிறது. 28ஆம் பிரிவு எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று சொல்கிறது. காட்டுயிர் ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்போருடன் முறையான அலுவல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. சுற்றுலா அதில் ஓர் இனம்தான், அதுவும் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் அனுமதிக்கு உட்பட்டது. சரணாலயத்துக்குள் வணிக விடுதி கட்டுவதென்றால் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் முன் ஒப்புதல் வேண்டும். சட்டத்தின் சாய்வு தெளிவானது. பார்வையாளர் விருந்தாளி, நிலம் பறவையினுடையது.

அமெரிக்காவின் தேசியக் காட்டுயிர்ப் புகலிடங்கள் இதே கேள்விக்கு வேறு வழியில் விடை கண்டன. 1997இல் இயற்றிய சட்டம் வேட்டை, மீன்பிடி, காட்டுயிர் காணல், புகைப்படம், சூழல் கல்வி, விளக்கவுரை ஆகிய ஆறையும் முன்னுரிமை பெற்ற பொழுதுபோக்குகளாக ஏற்றது. ஆனால் ஒவ்வொரு புகலிடத்திலும், அந்தச் செயல் புகலிடம் ஏற்பட்ட நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பொறுப்பாளர் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். வேட்டையை இந்தியச் சட்டம் ஏற்காது. ஆனால் ஒத்துப்போகிறதா என்ற அந்தக் கேள்வி இங்கேயும் கேட்கத் தக்கது. படகு ஒத்துப்போகிறதா? பிச்சாவரத்தில் போகும். அங்கே சதுப்புநில மரங்கள் இருபுறமும் மறைப்பாக நிற்க, துடுப்புப் படகு கால்வாய்களில் ஊர்ந்து செல்கிறது. திறந்த வெளியாகவும் முழங்கால் ஆழமாகவும் கிடக்கும் கழுவெளியில் அதே படகு பறவைக் கூட்டத்தைக் கரையிலிருந்து கரைக்கு விரட்டும் கருவியாகிவிடும்.

தமிழ்நாட்டில் பறவை காணும் இடம் என்றால் முதலில் வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வரும். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்வூராருக்குப் பறவைகளைச் சுடக்கூடாது என்ற கௌல் வழங்கினார். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை ஊரார் எதிர்த்ததன் விளைவு அது. ஊராரின் அக்கறைக்கு வயல் கணக்கும் ஒரு காரணம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனி உரம் குறைவாகவே தேவைப்படும். இரு நூற்றாண்டாக அங்கே கூட்டமும் பறவையும் ஒன்றாக இருக்க முடிவதற்கு இன்னொரு காரணம், பலரும் கவனிக்காதது, அந்த ஏரியின் வடிவம். ஏறத்தாழ 30 ஹெக்டேர்ப் பரப்பு, நீரில் நிற்கும் கடம்பும் கருவேலமும், ஒரு பக்கம் உயர்ந்த ஏரிக்கரை. வருகிறவர் அந்தக் கரையில் நடக்கலாம், வேறெங்கும் போக வழியில்லை. கூட்டுக்கும் கரைக்கும் இடையே தண்ணீர் கிடக்கிறது. ஏரி தானே வேலி போட்டுக்கொண்டிருக்கிறது.

கழுவெளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 5,000 ஹெக்டேரைச் சுற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம். கிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தை, கூனிமேடு போன்ற ஊர்கள், மேற்கே நடுக்குப்பம் பக்கத்து வயல்கள். ஆடுமாடு மேய்ப்பவர், கோரை அறுப்பவர், மீனும் நண்டும் பிடிக்கும் இருளர், இறால் பண்ணைக்காரர் எனப் பலரின் காலடித் தடங்கள் ஏற்கெனவே அங்கே உள்ளன. இவர்களைப் பார்வையாளர் கணக்கில் சேர்ப்பது தவறு. அவர்களின் உரிமைகளைத் தீர்க்கச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. சுற்றுலாவுக்கென்று போடும் வேலி முதலில் வலை தூக்கி வருகிறவரைத் தடுத்தால், அந்தச் சரணாலயம் ஊரார் மனத்தில் ஒருநாளும் சரணாலயமாக நிற்காது. வேடந்தாங்கலுக்குக் காவலாக நின்றது ஊரின் விருப்பம். இங்கேயும் முதல் முதலீடு அதில்தான் இருக்க வேண்டும்.

இனி பறவையின் பக்கம். தை மாதத்துக் காலையில் சேற்றோரம் இருநூறு கருவால் மூக்கன்கள் மேய்ந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் செருகி எடுத்துச் செருகி எடுத்து நகர்கின்றன. கரைமேல் ஓர் ஆள் தோன்றுகிறார். ஓரத்தில் நிற்கும் நாலைந்து தலைகள் முதலில் நிமிர்கின்றன. அடுத்த நிமிடம் கூட்டத்தின் பாதி நிமிர்கிறது, அலகுகள் சேற்றை விட்டு வெளியே இருக்கின்றன. இன்னும் பத்தடி ஆள் நடந்தால் கூட்டம் மெல்ல எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்குகிறது. அதன்பிறகுதான் ஒன்று கத்த, எல்லாம் எழுகின்றன. வந்தவர் கண்ணுக்குப் படுவது இந்தக் கடைசிக் காட்சி மட்டும். அழகான படம் கிடைத்தது என்ற திருப்தியோடு அவர் திரும்பிவிடுவார். பறவைக்கு நட்டம் முதல் தலை நிமிர்ந்த கணத்திலேயே தொடங்கிவிட்டது, அதுமுதல் தீனி நின்றுவிட்டது. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம், ஒரு கைப்பிடி உப்பைவிடக் குறைவு. மார்ச், ஏப்ரலில் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க அது உடலில் கொழுப்பு ஏற்ற வேண்டும். ஒரு நாளில் பத்து முறை எழுப்பிவிட்டால், அன்று தின்றது அன்றைக்கே செலவாகிவிடும்.

இதிலிருந்து வரும் முதல் விதி, ஆள் வானத்தின் பின்னணியில் தெரியக்கூடாது. வரப்பு உச்சியில் நிற்கும் மனித உருவம் பறவைக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். நிற்குமிடம் கரையின் உட்சரிவில், உச்சிக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே போகும் வழிக்கு இருபுறமும் மறைப்பு வேண்டும். இதற்குக் கான்கிரீட் தேவையில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. ஓலைத் தட்டி கட்டி, நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தை என நால்வரின் கண் உயரத்துக்கும் கிடைமட்டமாகப் பிளவு விட்டால் போதும். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிஜில் பீட்டர் ஸ்காட் 1946இல் தொடங்கிய நிலையமும் சிங்கப்பூரில் 1993இல் திறந்த சுங்கை புலோவும் இந்த ஒளிவிடக் கலையை மேலும் வளர்த்தவை. அங்கே வந்த கூட்டத்துக்கேற்ப மரமும் கண்ணாடியும் தேவைப்பட்டன. இங்கே தட்டியில் தொடங்குவதே நல்லது. அதற்குச் செலவைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, தண்ணீர் நகர்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் நவம்பர், டிசம்பரில் கழுவெளி நிரம்பும். ஜனவரியில் வற்றத் தொடங்கி, மார்ச்சில் நீரோரம் வெகுதூரம் உள்ளே போய்விடும். பறவை நீரோரத்தோடு நகரும். டிசம்பரில் பொருத்தமாக இருந்த காட்சிக் கோபுரத்தின் முன்னால் மார்ச்சில் வெடித்த சேறுதான் கிடக்கும். அப்போது வந்தவர் கோபுரத்தைவிட்டு இறங்கிச் சேற்றில் நடப்பார், அதைத் தடுக்க யாராலும் முடியாது. தட்டியைப் பிடுங்கி மாதத்துக்கு ஒருமுறை நகர்த்தலாம். கோபுரத்தை நகர்த்த முடியாது.

இரண்டாவது விதி வெளிச்சம். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால்தான் பறவையின் நிறம் தெரியும். ஆகவே காலை நேரத்துக்குக் கிழக்குக் கரையும் மாலைக்கு மேற்குக் கரையும் ஏற்றவை. கிழக்குக் கரை கடற்கரைச் சாலைக்கு அருகில் என்பதால் சென்னை, புதுச்சேரியிலிருந்து விடிகாலையில் வருகிறவர்களுக்கும் அதுவே வசதி. சின்ன விஷயம்தான். ஆனால் இதைக் கவனிக்காமல் கட்டிய கோபுரங்களில் ஏறிக் கண் கூசி இறங்கியவர்கள் நிறைய. தெளிவாகத் தெரியாதவர்தான் இன்னும் பக்கத்தில் போகப் பார்ப்பார். வசதிக்குறைவே தொந்தரவாக மாறும் இடம் இது.

உப்பளங்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மரக்காணத்துப் பாத்திகள் சாலையிலிருந்தே தெரியும், வண்டி ஓட்டுவோர் நின்று படமெடுக்கும் இடம். கடல்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் செறிவேற்றி, கடைசிச் சிறு பாத்திகளில் உப்புப் பூக்கவைத்து வாருகிறார்கள். முதல் பாத்திகளில் மீன்குஞ்சும் புழுபூச்சியும் இருக்கும், உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் அங்கே நிற்கும். செறிவு கூடக்கூட உயிரினம் குறையும். கடைசிப் பாத்தியில் பறவைக்கு வேலையில்லை, மனிதருக்குத்தான் வேலை. அந்தப் பாத்திகளின் வரப்பு மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண். பத்துப் பேர் ஏறி நின்று தற்படம் எடுத்தால் ஓரம் சரியும், மண் பாத்தியில் விழும், வெள்ளை உப்பு பழுப்பாகும். விடியற்காலையிலிருந்து உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்த நட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். உப்பளம் வேலை நடக்கும் இடம், காட்சிப்பொருள் அன்று. பறவை பார்ப்பவர் சாலையோரத்தில் வண்டியிலிருந்தபடியே பார்க்கலாம். வண்டியைக் கண்டு எழாத நாரை இறங்கி நிற்கும் ஆளைக் கண்டு எழும் என்பது பறவை காண்போர் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆனால் வேகமாக ஓடும் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் வண்டி நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. சாலையை விட்டு விலகிய நிறுத்துமிடங்கள் இரண்டு மூன்று அமைத்தால் உப்பளம், பறவை, பார்வையாளர் மூவருக்கும் நல்லது. கழுவெளியில் செய்யத்தக்க பார்வையாளர் வசதிகளில் மிக மலிவானதும் மிக உடனடியானதும் இதுவே.

எத்தனை பேரை விடலாம்? தாங்குதிறன் என்ற சொல் இங்கே வரும். லத்தீன் அமெரிக்கச் சரணாலயங்களுக்காக சிஃபுவென்டெஸ் 1992இல் வகுத்த முறையில் மூன்று படிகள் உண்டு. இந்தியாவில் 2012இல் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதிச் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் சில மாதங்கள் நிறுத்திவைத்தபின், அக்டோபரில் வந்த தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலும் இதே முறையைக் கையாண்டது. ஒரு கற்பனைக் கரையில் அதைப் போட்டுப் பார்க்கலாம். கரையின் நீளம் 500 மீட்டர். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நிற்க 8 மீட்டர், அடுத்த குழுவுக்கு இடைவெளி 60 மீட்டர். ஒரே சமயத்தில் 7 குழுக்கள் நிற்கலாம், 56 பேர். காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6 ஆக 5 மணி நேரம். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு 280 பேர். இது முதல் படி. கரையில் 150 மீட்டர் பறவைகள் அடையும் இடத்துக்கு மிக அருகில் என்பதால் மூடினால், மிச்சம் 350 மீட்டரில் 5 குழுக்கள்தான். நாளுக்கு 200 பேர். இது இரண்டாம் படி. குழுவுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், ஆனால் இருப்பது 3 வழிகாட்டிகள் என்றால் நாளுக்கு 120 பேர். மூன்றாம் படி இதுதான், உண்மையான எண்ணும் இதுதான். ஆள் சேர்த்தால் எண் கூடும், சேர்க்காவிட்டால் கூடாது. நிதியறிக்கை போடுகிறவர் கூட்ட வேண்டியது சீட்டு வருமானத்தை அன்று, வழிகாட்டிகளின் எண்ணிக்கையை.

எண் எல்லாவற்றுக்கும் விடையாகாது. மலைகளில் இப்போது எண்கள் வந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பு வந்தது, கொடைக்கானலுக்கு 4,000மும் 6,000மும். சாலைக்கு அது பொருந்தும். ஆனால் நீரோரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரைவிட, ட்ரோன் பறக்கவிடும் ஒருவர் அதிகச் சேதம் செய்வார். 1985இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எவ்வளவு பேர் என்பதை விட்டு, எவ்வளவு மாற்றம்வரை ஏற்கலாம் என்று கேட்டார்கள். கழுவெளிக்கு அதை இப்படிப் பெயர்க்கலாம்: ஒரு மணி நேரத்தில் கூட்டம் எத்தனை முறை எழுகிறது? வழிகாட்டி தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். இரண்டு முறைக்கு மேல் எழுந்தால் அன்றைக்கு அந்த வழி மூடல். இதற்குக் கணினியும் வேண்டாம், ஆலோசனை நிறுவனமும் வேண்டாம்.

பெருங்கூட்டத்தைவிடச் சிலவகை ஆட்கள் தொந்தரவு மிகுந்தவர்கள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்தான் இன்னும் பத்தடி முன்னே போவார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பறவை எழும் படமே நல்ல படம் என்ற எண்ணம் புகைப்படக்காரர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அவர்களுக்குத் தனி நேரமும் தனித் தட்டியும், உட்கார்ந்தே எடுக்க வேண்டும் என்ற விதியும் வேண்டும். பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதற்கு அனுமதியே கூடாது.

இலங்கையின் யால இந்தப் பாடத்தைக் கசப்பாகக் கற்றது. சிறுத்தை தென்பட்டது என்ற செய்தி பரவினால் ஜீப்புகள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதே தென்கரையில், உப்பளங்களை ஒட்டிய புந்தல 1990இல் அந்நாட்டின் முதல் ராம்சார் தளமானது, கூட்டமும் குறைவு. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் பூநாரைகளுக்குப் பேர்போனது, வெளிநாட்டுப் பறவைக் காதலர்கள் தேடிப் போகும் இடம். கழுவெளி எந்த வழியில் போகும் என்பது முதல் ஐந்தாண்டுப் பழக்கத்தில் முடிவாகிவிடும். வந்தவர் தட்டிக்குப் பின்னால் நிற்கப் பழகிவிட்டால், அடுத்து வருகிறவருக்கும் அதுவே நடைமுறையாகிவிடும்.

கடினமான நாள் காணும் பொங்கல். நீர்நிலை கண்ட இடமெல்லாம் கூட்டம் கூடும், வேடந்தாங்கலிலும் மாமல்லபுரத்திலும் அன்று நிற்க இடமிருக்காது. அதே ஜனவரியில்தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. பறவை எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் வாரமும் கூட்டம் உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றாக விழுகின்றன. கூட்டத்தைத் திருப்பியனுப்புவது நடக்காத காரியம். ஆண்டுக்கு ஒருநாள் குடும்பத்தோடு வெளியே வருகிறவரிடம் சூழலியல் பேசி என்ன பயன்? அன்று நீரோர வழிகளை மூடிவிட்டு, சாலையோரப் பார்வை இடங்களில் தொலைநோக்கிகளோடு ஆட்களை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒரு பூநாரையைக் காட்டி அனுப்பலாம். மீதிக் கூட்டத்துக்குப் போக வேறொரு இடம் வேண்டும்.

அந்த வேறொரு இடம் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் வயல்வெளி நடுவே எழும் பாறைமலை. மேலே சோழர் காலத்துக் கோயில் இருக்கிறது, மலைக் குகையில் பழங்கால மனிதர் பாறையில் கீறிவைத்த உருவங்கள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்களில் இது கோட்டை. 1760இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள், ஐரோப்பிய ஏடுகளில் இதன் பெயர் பெர்மகாயில் என்று திரிந்து கிடக்கிறது. பறவை பார்க்க ஏற்ற நேரம் விடியலும் மாலையும், நடுப்பகலில் கானல் நடுங்கும் சேற்றைப் பார்த்துப் பயனில்லை. காலை 9 மணிக்குக் கழுவெளியிலிருந்து கிளம்பியவர் மாலை 4 வரை என்ன செய்வார் என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால், அவர் நீரோரத்திலேயே சுற்றுவார், அங்கேயே சாப்பிடுவார், அங்கேயே பொட்டலத்தைப் போடுவார். மலையேறி, கோயில் பார்த்து, அடிவாரத்தில் சாப்பிட இடம் இருந்தால் பகல் கழிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். பாறைக் கீறல்களும் பறவைக் கூட்டைப் போலத்தான், ஒரு தொடுகையில் கெடாது, ஆயிரம் தொடுகையில் அழியும். சாக்கட்டியால் வரைந்து படமெடுப்பதும் பாறையில் பெயர் எழுதுவதும் ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பாறை ஓவிய இடங்களைப் பிடித்த நோய்கள். குகை வாயிலில் கயிறும் ஒரு காவலரும் இல்லாமல் கூட்டத்தை அங்கே திருப்புவது, ஒரு செல்வத்தைக் காக்க இன்னொன்றைக் கொடுப்பதாகும்.

2023–24 நிதிநிலை அறிக்கையில் மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. அத்தகைய மையத்துக்கு நீரோரம் தேவையில்லை, ஊருக்குள் இருந்தால் போதும். பேருந்து நிற்கும் இடத்துக்கு அருகில், வெளிச்சம் இரவில் நீர்ப்பரப்பின்மேல் விழாதபடி, பெரிய கண்ணாடிச் சுவர்கள் இல்லாமல் கட்ட வேண்டும். கண்ணாடியில் தெரியும் வானத்தை வானமென்றே நம்பி மோதிச் சாகும் பறவைகள் உலகெங்கும் ஏராளம். பறவை மையத்தின் கண்ணாடியில் பறவை செத்துக் கிடந்தால் அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை வேண்டியதில்லை.

குப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டியது பிளாஸ்டிக் தடையோடு முடிவதில்லை. எஞ்சிய பிரியாணிப் பொட்டலம் முதலில் காக்கையை அழைக்கும், அடுத்து நாயை. நாய் ஒருமுறை வழி கண்டுகொண்டால், பொட்டலம் இல்லாத நாளிலும் வரும். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு நாயைவிட மோசமான விருந்தாளி இல்லை. ஆகவே உணவு எல்லைக்கு வெளியேதான். கழிப்பறையும் அப்படியே. ஆனால் அது உண்மையிலேயே இருக்க வேண்டும், தண்ணீரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் அந்த இடத்துக்கு வரமாட்டார்கள், வந்தாலும் அரைமணியில் கிளம்பிவிடுவார்கள்.

பாதுகாப்பு ஒரு தனித் துறை. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டக் குரங்கணி மலைக்காட்டில் தீ சூழ்ந்து மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் வனத்துறை மலையேற்ற விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிவும் வழிகாட்டியும் இன்றிப் போக முடியாது. கழுவெளியின் ஆபத்து வேறு மாதிரி. சேறு காலை வாங்கும், ஆனால் மேலே பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். நவம்பர், டிசம்பரில் பார்வையாளர் காலமும் புயல் காலமும் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த வட்டாரம் முழுதும் வெள்ளத்தில் மிதந்தது. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் வழிகளை மூட ஒரு தெளிவான விதி, கேட்டவுடன் நடைமுறைக்கு வரும்படி, முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வழிகாட்டி யார் என்பதில் மற்றவற்றில் பாதி அடங்கிவிடும். கழுவெளியின் எந்த மூலையில் எப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கும், எந்தச் சேறு தாங்கும், எது தாங்காது என்பது அங்கே வலைபோட்ட இருளருக்கும் மீனவருக்கும் தெரியும். பறவைப் பெயரைப் புத்தகத்தில் கற்கலாம், தண்ணீரைப் புத்தகத்தில் கற்க முடியாது. அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் தர வேண்டும். நாள்கூலியாக அல்ல, பருவத்துக்கு ஆறு மாத வேலையாக. நடுக்குப்பத்தில் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் அமைப்பினர் நடத்தும் சூழல் கல்வி மையம், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து இதைத் தொடங்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு.

விளக்கவுரையின் நோக்கம் தகவலைக் கொட்டுவது அன்று, கேட்பவரின் ஆர்வத்தைத் தூண்டுவது என்று ஃப்ரீமன் டில்டன் 1957இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை. அறிவிப்புப் பலகைகளில் ‘கூடாது’ என்ற சொல்லே மிகுந்திருக்கும் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் பறவைப் பெயர்கள் பறவையை அப்படியே காட்டுபவை. பவளக்காலி என்றால் காலைப் பார்க்கத் தோன்றும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்றால் அலகைப் பார்க்கத் தோன்றும். உப்புக்கொத்தி என்ற பெயர் உப்பளக் கரையில் நின்று கேட்கும் குழந்தைக்கு விளக்கமே வேண்டியிருக்காது. பலகையில் முதல் வரியாக ஆங்கிலப் பெயரையும் லத்தீன் பெயரையும் எழுதி, கீழே சிறிய எழுத்தில் தமிழ்ப் பெயரைப் போடும் வழக்கத்தை மாற்றினாலே பாதி விளக்கவுரை முடிந்துவிடும்.

சீட்டுப் பணம் எங்கே போகிறது என்பதையும் அதே பலகையில் எழுதலாம். ஓலைத் தட்டி கட்டியவருக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு, சீமைக்கருவேல் அகற்ற இவ்வளவு. கொடுத்த பணம் ஊருக்குப் போகிறது என்று ஊரார் கண்ணால் பார்த்தால், இரவில் வலையோடும் விஷத்தோடும் வருகிறவனைத் தடுக்க வனக்காவலர் மட்டும் போதாத இடத்தில் அவர்களும் நிற்பார்கள்.

பருவம் மூடும் நாளை அறிவிப்பதும் திறக்கும் நாளை அறிவிப்பதைப் போலவே முக்கியம். ஏப்ரலில் கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் வடக்கே போய்விட்டிருக்கும், பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். அப்போதுதான் நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் சிறு உப்புக்கொத்தியும் காய்ந்த வரப்புகளிலும் திட்டுகளிலும் தரையிலேயே முட்டையிடுகின்றன. கூழாங்கல் நிறத்தில் கிடக்கும் அந்த முட்டைகளைக் காலடி வைக்கும்வரை கண் காணாது. பார்வையாளர் கூட்டம் குறையும் அந்த மாதங்களில், ஏப்ரல் முதல் ஜூலை வரை, கரை வழிகள் முழுதும் மூடியிருக்க வேண்டும்.